கொல்லும் மலையா, காக்கும் மலையா?

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவன்)

நம் கல்லூரியின் மேல்மாடியில் நின்று கிழக்கே நோக்கினால் நீலநிற மதில் ஒன்று நெடிதாக நிற்பதைக் காணலாம். காலையில் மேகத்தைப் போர்த்திக்கொண்டிருக்கும். மாலையில் பொன்முலாம் பூசிக்கொண்டிருக்கும். அதுதான் கொல்லிமலை. மூன்று ஆண்டுகளாக அதைப் பார்த்துக்கொண்டேதான் பாடம் படித்தேன். எனினும் அதைப் பற்றி நான் அறிந்திருந்தது என் அப்பாயி சொன்ன ஒரே ஒரு கதைதான்.

"கொல்லிமலையில ஒரு பாவை இருக்கா. ஆளைக் கண்டா சிரிப்பா. அந்தச் சிரிப்புல மயங்கிக் கிட்டப் போனவன் திரும்பி வந்ததே இல்லை."

கொல்வதால்தான் கொல்லி என்று பெயருக்கும் பொருள் சொல்லி முடிப்பாள் அப்பாயி. சமவெளியில் பிறந்த நம்மில் பலர் இந்தக் கதையைக் கேட்டிருப்போம். சென்ற ஐப்பசியில் ஆகாய கங்கை அருவிக்குச் சென்று திரும்பிய பிறகு, இந்தக் கதையை நான் வேறு விதமாகக் கேட்கிறேன். அதற்கான காரணத்தை நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடுதியில் ஒருவன்

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் விடுதி அறையில் ஒரு நண்பன் உண்டு. எந்த ஊர் என்று கேட்டால் "சேந்தமங்கலம் பக்கம்" என்பான். அதற்கு மேல் பேசமாட்டான். இரண்டாம் ஆண்டில்தான் அவன் கொல்லிமலைக்காரன் என்பது எங்களுக்குத் தெரியவந்தது. அன்று தொடங்கியது எங்கள் கேலி. "வசிய மை கொண்டு வந்திருக்கிறாயா?", "தேர்வுத் தாளைத் திருத்துகிறவருக்கு ஒரு மந்திரம் போடேன்" என்றெல்லாம் அவனைச் சீண்டினோம். அவன் சிரித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்துகொள்வான். அந்தக் கேலிக்கூட்டத்தில் முன்வரிசையில் நின்றவன் நான்தான்.

அப்படிப்பட்டவன், ஐப்பசி விடுமுறையில் எங்கள் நால்வரையும் தன் வீட்டிற்கு அழைத்தான். "மலையைப் பற்றிப் பேசுகிறீர்களே, ஒரு முறை வந்து பாருங்களேன்" என்றான். அவ்வளவுதான்.

எழுபது வளைவுகள்

மலையடிவாரத்தில் இருப்பது காரவள்ளி. அங்கிருந்து சோளக்காடு வரை பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்து ஒவ்வொரு வளைவிலும் முனகிக்கொண்டு திரும்பும்போது, கீழே வயல்கள் பாய் விரித்தாற்போல் சிறுத்துக்கொண்டே போகின்றன. மேலே ஏறிவிட்டாலோ, மலை ஏறியதே மறந்துபோகும். உச்சி என்று ஒன்றில்லாமல், பரந்த மேட்டுநிலமாக, ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் ஊர்களும் வயல்களும் ஓடைகளுமாகக் கிடக்கிறது கொல்லி. பலா, வாழை, அன்னாசி, காப்பி, மரங்களைச் சுற்றிப் படர்ந்த மிளகு என்று எங்கு நோக்கினும் பசுமை. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்கள் பலவற்றில் இப்போது மரவள்ளி நிற்கிறது. ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் கிழங்கு அது.

இங்கு வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. இவர்கள் பேசுவது தமிழ். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேளூர் நாடு என்று தங்கள் மலையை நாடுகளாகப் பிரித்துச் சொல்கிறார்கள்.

தாங்கள் எப்படி மலைக்கு வந்தோம் என்பதற்கு அவர்களிடம் ஒரு கதை உண்டு. முன்னொரு காலத்தில் காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பியர் புறப்பட்டார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று அவர்களுக்குப் பெயர். சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகிய மூன்றிலும் ஆளுக்கொன்றாகக் குடியேறினார்கள் என்பது அக்கதை. இதில் சாவு இல்லை, சாபம் இல்லை. பிழைப்புத் தேடிப் புறப்பட்ட மூவர், பிரிந்தாலும் உறவு மறவாமல் இருந்த செய்திதான் இருக்கிறது. என் அப்பாயி சொன்ன கதைக்கும் இதற்கும் எத்தனை தூரம் என்று பேருந்திலேயே நினைத்துக்கொண்டேன்.

அறுத்த மீன் பொருந்திய கதை

அருவிக்குப் போகும் வழியில் முதலில் நாம் காண்பது அறப்பளீசுவரர் கோயில். தேவாரத்தில் பெயர் சுட்டப்பெறும் பழம்பதி இது. 18ஆம் நூற்றாண்டில் அம்பலவாண கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகம் இந்த இறைவனை முன்னிலைப்படுத்திப் பாடியதேயாகும். கோயிலை ஒட்டி ஓடுகிறது ஐயாறு.

அந்த ஆற்றங்கரையில் எங்கள் நண்பன் ஒரு பிடி பொரியை எங்களிடம் கொடுத்தான். தண்ணீரில் தூவியதும் மீன்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. இவற்றை யாரும் பிடிப்பதில்லை. அதற்கும் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் சிலர் இந்த ஆற்று மீனைப் பிடித்து அறுத்துச் சட்டியில் இட்டு அடுப்பேற்றினார்களாம். குழம்பு கொதித்தபோது அறுபட்ட துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி, உயிர்பெற்று, துள்ளிக் குதித்து ஆற்றுக்கே ஓடிவிட்டனவாம். அன்று முதல் இந்த இறைவன் அறுத்த மீனைப் பொருத்தியவர் ஆனார். ஆற்று மீன் சாமி மீன் ஆயிற்று.

அறுத்த மீன் பொருந்துமா என்று விலங்கியல் மாணவர் கேட்கலாம். பொருந்தாதுதான். ஆனால் கதை செய்திருக்கும் வேலையைப் பாருங்கள். மீன் பிடிக்கக் கூடாது என்று ஒரு பலகை வைத்தால் எத்தனை நாள் நிற்கும்? இந்தக் கதையோ பலகையும் காவலரும் இல்லாமல் ஆற்றின் ஒரு பகுதியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறது. துங்கை ஆற்றங்கரையில் சிருங்கேரியிலும் இதே போல் மீன்களுக்கு உணவிடுவார்களேயன்றிப் பிடிக்கமாட்டார்கள். கதையின் உடம்பு பொய்யாக இருக்கலாம். அதன் உயிர் மெய்யானது.

ஆகாய கங்கை

கோயிலுக்கு அருகிலிருந்து படிகள் இறங்குகின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள்; சில இடங்களில் ஏணி போலவே செங்குத்தானவை. இறங்கும்போது சிரித்துப் பேசிக்கொண்டு போகிறவர்கள், ஏறும்போது பேச்சிழந்து வருவார்கள். பாதி வழியிலேயே அருவியின் ஓசை காதில் விழத் தொடங்குகிறது. கடைசிப் படியைத் தாண்டி நிமிர்ந்து பார்த்தேன். மூன்று பக்கமும் பாறைச் சுவர். நடுவே ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து, வானமே ஓட்டையாகிக் கொட்டுவது போல் வெண்ணிறமாய் விழுகிறது நீர். ஆகாய கங்கை என்று பெயரிட்டவன் கவிஞனாகத்தான் இருக்க வேண்டும்.

மேட்டுநிலத்தின் ஓடைகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு வரும் ஐயாறு, மலையின் விளிம்பில் நிலம் திடீரென்று முடிந்துவிடுவதால் இங்கே குதிக்கிறது. பின்னர் பள்ளத்தாக்கின் வழியே இறங்கித் துறையூர்ப் பக்கம் உள்ள புளியஞ்சோலைக்குப் போகிறது. இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அருவியடியில் நிற்பவனுக்கு மேலே உள்ள மேட்டுநிலம் தெரியாது. அங்கே மழை பெய்தாலும் இவன் தலைக்குமேல் வெயில் அடிக்கக்கூடும். மேலே பெய்த மழை சிறிது நேரத்தில் ஒரே வாசல் வழியாக வெளியேறியாக வேண்டும். அந்த வாசலுக்குக் கீழேதான் நாம் நிற்கிறோம்.

இதையெல்லாம் அன்று நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. நால்வரும் நீரில் இறங்கிக் கூத்தடித்தோம். நண்பன் மட்டும் இறங்கவில்லை. ஒரு பாறைமேல் அமர்ந்து அருவியின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அரைமணி நேரம் ஆகியிருக்கும். சட்டென்று எழுந்து, "மேலே ஏறுங்கடா! ஏறுங்க!" என்று கத்தினான்.

"என்னடா, உங்க பாவை சிரிச்சுட்டாளா?" என்று கேட்டது நான்தான். மற்றவர்கள் சிரித்தார்கள், சிரித்தபடியே கரைக்கு நகர்ந்தார்கள். நான் வீம்பாக ஒரு பாறையைப் பற்றிக்கொண்டு அங்கேயே நின்றேன். அவன் பதில் பேசவில்லை. உடுத்த உடையோடு நீரில் இறங்கி வந்து என் மணிக்கட்டைப் பற்றி இழுத்தான். வழுக்கி விழுந்து அவன் முழங்கால் பாறையில் கிழிந்தது. அப்போதும் என் கையை விடவில்லை. நாங்கள் படியருகே வந்து திரும்பிப் பார்த்தபோது வெண்ணிற அருவி செம்மண் நிறமாகியிருந்தது. அதன் ஓசையும் மாறி, இடி உருள்வது போல் இருந்தது. நான் பற்றிக்கொண்டு நின்ற பாறையைக் காணவில்லை. அதன்மேல் நீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பை ஒன்றும் செருப்புகளும் போயின. போனது அவ்வளவுதான் என்பதை நினைத்தால் இன்றும் என் கை நடுங்குகிறது.

"எப்படிடா தெரிந்தது?" என்று கேட்டேன். காயத்தைத் துண்டால் கட்டிக்கொண்டே சொன்னான்: "முதலில் இலையும் சுள்ளியும் வந்தது. அப்புறம் தண்ணீர் கொஞ்சம் பழுத்தது. சத்தம் கனத்தது. ஆயா சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறது."

நண்பர்களே, இந்த மூன்று அறிகுறிகளையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மிதந்து வரும் இலையும் சுள்ளியும், நிறம் மாறும் நீர், கனக்கும் ஓசை. எந்த மலையருவியிலும் இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் மறுபேச்சின்றிக் கரையேறுங்கள். நீர்ப்பெருக்கு மிகும் நாட்களில் குளிக்கத் தடை விதிப்பதும் இதனால்தான்.

ஆயா சொன்ன பாவை

அன்றிரவு நண்பன் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் உண்டோம். அவனுடைய ஆயா எங்களைச் சுற்றி அமர்ந்திருந்தார். பேச்சுவாக்கில், "கீழே எங்க மலையைப் பத்தி என்ன கண்ணு சொல்லிக்கிறாங்க?" என்று என்னைக் கேட்டார். நான் நண்பனைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறைக்க மனமில்லாமல், சிரித்துக் கொல்லும் பாவையின் கதையைச் சொன்னேன்.

ஆயா வாய்விட்டுச் சிரித்தார். "கொல்றவளா? அவ எங்க எட்டுக்கை அம்மனாச்சே சாமி! காட்டைக் காக்கிறவ, எங்களைக் காக்கிறவ. காட்டுக்குக் கெடுதல் நினைச்சு வர்றவன் வேணும்னா பயப்படட்டும். நீங்க ஏன் பயப்படோணும்?"

ஒரே பாவைதான். கீழே அவள் கொலைகாரி. மேலே அவள் காவல் தெய்வம். இவற்றுள் எது பழையது? ஊர் திரும்பியதும் நூலகத்தில் நற்றிணையைப் புரட்டினேன். 201ஆம் பாடலில் பரணர் கொல்லிப்பாவையைக் காட்டுகிறார். பலா மரங்கள் பழுக்கும், தெய்வம் காக்கும், வெள்ளருவி விழும் மலை அது. காற்று மோதினாலும், மழை விரைந்து பெய்தாலும், இடி தாக்கினாலும், நிலமே அதிர்ந்தாலும் தன் அழகிய வடிவம் கெடாமல் நிற்பவள் அப்பாவை என்கிறார். தலைவியின் மறக்கவொண்ணா அழகுக்கு உவமையாக வருகிறாள் அவள். அந்தப் பாட்டில் அவள் யாரையும் கொல்லவில்லை!

அதே மலைக்குத் தலைவனாக இருந்தவன் கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி. வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாடலில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே அம்பு துளைத்துச் செல்கிறது. அந்தப் பாட்டில் என்னைக் கவர்ந்தது அம்பு அன்று. யாரென்று அறியாமல் பாணர்கள் ஓரியின் புகழை அவன் எதிரிலேயே பாடுகிறார்கள்; தன் பெயர் கேட்டு அவன் நாணுகிறான்; பிறகு அவர்களுக்கு ஊன் உணவும் பொன்னும் கொடுக்கிறான். மலைத்தலைவன் ஒருவன் தன் பெயர் கேட்டு நாணியது பெருந்தன்மையால். என் நண்பன் தன் மலையின் பெயர் சொல்ல நாணியது எங்கள் கேலியால். இரண்டுக்கும் இடையே எத்தனை நூற்றாண்டுகள்! நாம் வளர்ந்திருக்கிறோமா, தேய்ந்திருக்கிறோமா?

கொன்றது யார்?

அப்படியானால் என் அப்பாயியின் கதை வெறும் பொய்யா? அதையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மலைக்குப் போனவன் திரும்பவில்லை என்பது பல குடும்பங்கள் கண்ணால் கண்ட உண்மை. அவர்களைக் கொன்றது எது?

கொல்லிமலை நெடுங்காலம் மலேரியாவுக்குப் பேர்போன இடம். இதற்குச் சான்றாக ஒரு குடும்பத்தின் வரலாற்றையே சொல்லலாம். ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரும் அவர் மனைவி ஈவ்லினும் இம்மலையில் தங்கி மருத்துவமும் கல்வியும் அளித்துவந்தார்கள். 1929இல் ஜெஸ்ஸி பிராண்ட், மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலால் இங்கேயே மாண்டார். ஈவ்லின் அம்மையார் முதுமையிலும் மலைகளை விட்டு அகலாமல் உழைத்து 1974இல் மறைந்தார். கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1914இல் பிறந்த அவர்கள் மகன் பால் பிராண்ட்தான், பின்னாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் மீட்டுப் புகழ்பெற்ற மருத்துவர்.

மலேரியா பரவும் இடத்தில் பிறந்து வளர்கிறவர்களுள், குழந்தைப் பருவத்தில் அந்நோய்க்குத் தப்பியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் உண்டாகிவிடும். புதிதாக வருகிறவருக்கு அது இல்லை. எனவே மலைமக்கள் நடமாடும் அதே காட்டில் கீழிருந்து வந்தவர் காய்ச்சலில் வீழ்வார். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? காட்டில் ஏதோ ஒன்று மலைக்காரனை விட்டுவிட்டு வெளியாரை மட்டும் கொல்கிறது என்றுதானே? கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் கண்டறிந்தது 1897இல்தான். அதற்கு முன் மேலைநாட்டாரும் கெட்ட காற்றே காரணம் என்று நம்பினர். மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். அவர்கள் காற்றின்மேல் பழி போட்டார்கள். நம் முன்னோர் பாவையின்மேல் போட்டார்கள். 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய பின் நாடெங்கும் அந்நோயின் பிடி தளர்ந்தது. பழைய அச்சம் மட்டும் கதையாக நின்றுவிட்டது.

பாவையின் சிரிப்புக்கு இதுவே முழு விளக்கம் என்று நான் வாதாடவில்லை. காய்ச்சலும், வழுக்குப் பாறையும், சொல்லாமல் வரும் வெள்ளமும் சேர்ந்துதான் அந்தச் சிரிப்பைப் படைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கீழே இருந்தவர்கள் தாம் இழந்ததைக் கதையாக்கினார்கள். மேலே இருந்தவர்கள் தாம் காத்ததைக் கதையாக்கினார்கள். தவறு கதையில் இல்லை. ஒரு பக்கத்துக் கதையை மட்டும் கேட்டுவிட்டு, அதைக் கொண்டு ஒரு மக்களையே எடைபோட்ட நம்மிடம்தான் தவறு.

முடிவாக

ஆடிப் பதினெட்டையொட்டி ஆண்டுதோறும் அரசு வல்வில் ஓரி விழா எடுக்கிறது. அப்போதும் மற்ற நாட்களிலும் நம்மில் பலர் ஆகாய கங்கைக்குச் செல்வோம். செல்ல வேண்டும், காணாமல் இருக்கக்கூடாத காட்சி அது. போகும்போது மூன்றை நினைவில் கொள்வோம். ஐயாற்று மீனுக்குப் பொரி போடுகிற கையால் அதே ஆற்றில் கண்ணாடிப் புட்டியையும் பிளாஸ்டிக் உறையையும் போடாதிருப்போம். மலைமக்களில் ஒருவர் தண்ணீரைவிட்டு ஏறச் சொன்னால் ஏன் என்று கேட்காமல் ஏறுவோம். அவர்கள் கதை சொன்னால் சிரிக்காமல் கேட்போம்.

விடுதியில் இப்போது புதிதாகச் சேரும் மாணவர்கள் என் நண்பனிடம் ஊர் எது என்று கேட்டால், "கொல்லிமலை, வளப்பூர் நாடு" என்று முழுமையாகவே சொல்கிறான். அவன் முழங்காலில் தழும்பு ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், கொல்லும் மலையா, காக்கும் மலையா என்ற கேள்விக்கு எனக்கு விடை கிடைத்துவிடுகிறது.